சின்ன மாத்திரை தானேன்னு நினைச்சீங்க, ஆளைச் சாய்ச்சது அதுதான்

கேள்வி: மேடம், எனக்கு 51 வயசு, லாரி ஓட்டுறேன். சுகர் வந்து நாலு வருஷம் ஆச்சு. காலைல க்ளிமிபிரைட் 2, காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மின் 500, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40. மெட்ஃபார்மின் கிட்னிய காலி பண்ணிரும்னு கூட ஓட்டுறவங்க சொன்னதால அஞ்சு மாசமா அதை விட்டுட்டேன், சின்ன மாத்திரை மட்டும் போட்டுட்டு இருந்தேன். போன மாசம் ஒரு நாள் காலைல மாத்திரைய போட்டேன், லோடு ஏத்த லேட்டாயிருச்சு, மதியம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிடல, திடீர்னு வேர்த்து ஊத்தி கை நடுங்கி கண்ணு மங்கிருச்சு. கிளீனர் பையன் ஜூஸ் குடுத்து தான் எழுந்தேன். அதுல இருந்து சுகர் ஏறுன மாதிரி தெரிஞ்சா மட்டும் மாத்திரை போடுறேன். இப்ப மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட், ஹெச்பிஏ1சி, 8.9 வந்திருக்கு. புது டாக்டர் ஒரே மாத்திரைய காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எழுதியிருக்கார். மயக்கம் வந்ததை அவர்கிட்ட சொல்லல, வண்டி ஓட்டக்கூடாதுன்னு எழுதிருவாரோன்னு பயம். பழைய மாத்திரையும் மிச்சம் இருக்கு, அதையும் சேத்து போடணுமா? தெரிஞ்சவர் ஒருத்தர் மூலிகை பொடி தரேன், மாத்திரையே வேணாம்ங்கறார். முதுகு வலிக்கு அப்பப்ப வலி மாத்திரையும் போடுவேன். ஸ்ட்ரிப், ரிப்போர்ட் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.

பதில்: அண்ணே, போட்டோ அனுப்பினதுக்கு முதல்ல ஒரு நன்றி. சுகருக்கு என்ன போடுறீங்கன்னு கேட்டா பாதி பேர் "வெள்ளை மாத்திரை"ன்னு தான் சொல்வாங்க, இருபது வருஷத்துக்கு மேல மருந்து கவுண்ட்டர்ல நிக்கிற எனக்கு வெள்ளைல எத்தனை வெள்ளை இருக்குன்னு தெரியும். நான் டாக்டர் இல்ல, பார்மசிஸ்ட். உங்க டோஸை கூட்டுறதோ குறைக்கிறதோ என் வேலை இல்ல. ஆனா நீங்க அனுப்புன போட்டோல ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, அதை உடனே சொல்லியாகணும்.

பழைய ஸ்ட்ரிப்பையும் புது ஸ்ட்ரிப்பையும் சேத்து போடாதீங்க. ரெண்டுலயும் பேரு வேற வேற, கலர் வேற, கம்பெனி வேற, ஆனா புது ஸ்ட்ரிப்பை திருப்பி பின்னாடி பொடி எழுத்துல என்ன இருக்குன்னு பாருங்க, க்ளிமிபிரைட் 2 மி.கி, மெட்ஃபார்மின் 500 மி.கி எஸ்ஆர்னு இருக்கும். அதாவது நீங்க தனித்தனியா போட்டுட்டு இருந்த ரெண்டு மருந்தும் ஒரே மாத்திரைக்குள்ள இருக்கு. அதை ஒரு நாளைக்கு ரெண்டு போட்டாலே க்ளிமிபிரைட் 4 ஆயிரும், அதுக்கு மேல பழைய 2-ஐயும் போட்டா 6. போன மாசம் உங்கள வண்டிக்குள்ள சாய்ச்சது வெறும் 2 தான்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்த மாதிரி டபுள் ஆகுறது புதுசு இல்ல, நானே எத்தனையோ தடவை கவுண்ட்டர்லயே பிடிச்சிருக்கேன், ஒருத்தர் மேலயும் தப்பு சொல்ல முடியாது, பிராண்ட் பேரு பெருசா இருக்கு, மருந்து பேரு எறும்பு சைஸ்ல இருக்கு. எந்த புது ஸ்ட்ரிப் கைக்கு வந்தாலும் அந்த எறும்பு எழுத்தை தான் முதல்ல படிக்கணும், கண்ணு தெரியலைன்னா மருந்து குடுக்கறவங்களையே "இதுல உள்ள என்ன மருந்து, ஏற்கனவே போடுறதுல இது இருக்கா"ன்னு வாயைத் திறந்து கேளுங்க, பதில் சொல்றது எங்க கடமை.

இப்ப உங்க கதைக்கு வரேன். கிட்னிக்கு பயந்து 500-ஐ விட்டுட்டீங்க, 2-ஐ வெச்சுக்கிட்டீங்க. 500 பெருசு, 2 சின்னது, சின்னது கெடுதல் பண்ணாதுன்னு கணக்கு. இந்த கணக்கு அப்படியே தலைகீழ். மில்லிகிராம்ங்கறது எடை, வீரியம் கிடையாது. ஒரு மருந்து 2 மி.கி-லயே பண்ற வேலைய இன்னொரு மருந்து 500-லயும் பண்ணாது, ஏன்னா ரெண்டும் பண்ற வேலையே வேற.

மெட்ஃபார்மின் முக்கியமா கல்லீரல்ல வேலை செய்யுது. நம்ம கல்லீரல் சும்மா இருக்காது, நம்ம சாப்பிடாத நேரத்துலயும் ராத்திரி தூங்கும்போதும் குளுக்கோஸ் தயார் பண்ணி ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும், சுகர் இருக்கறவங்களுக்கு அது தேவைக்கு மேலயே விடும். அந்த குழாயை கொஞ்சம் மூடுறது தான் மெட்ஃபார்மின். அது கணையத்தை போய் இன்சுலின் விடு இன்சுலின் விடுன்னு தட்டாது, அதனால தனியா அதை மட்டும் போடுறவங்களுக்கு லோ சுகர் வர்றது ரொம்ப அபூர்வம்.

க்ளிமிபிரைட் நேர் எதிர். அது கணையத்தோட கதவை தட்டி இன்சுலினை வெளிய வர வைக்கும். நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அது பாக்காது. லோடு லேட்டு, டிராஃபிக், பசி இல்லன்னு எந்த காரணமும் அதுக்கு தெரியாது, காலைல முழுங்கினா கிட்டத்தட்ட நாள் முழுக்க தட்டிக்கிட்டே இருக்கும். இந்த வகை மருந்தை கண்டுபிடிச்ச கதையே இதை சொல்லும்: 1942-ல பிரான்ஸ்ல மோன்பெலியேங்கற ஊர்ல டைஃபாய்டு நோயாளிகளுக்கு கிருமியை அழிக்க ஒரு சல்ஃபா மருந்தை குடுத்து பாத்தாங்க, சிலருக்கு சுகர் படு மோசமா இறங்கிருச்சு, ஏன் இறங்குதுன்னு தேடிப் போய் தான் இதை சுகருக்கு மருந்தா ஆக்குனாங்க. லோ சுகர் இந்த குடும்பத்துக்கு பிறவிக்குணம்னே வெச்சுக்கோங்க. க்ளிகிளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் இதே குடும்பம் தான், அதுலயும் கிளிபென்கிளமைடு உடம்புல ரொம்ப நேரம் நிக்கும், வயசானவங்களுக்கு அதை தவிர்க்க சொல்றதே அதனால தான்.

அதுக்காக க்ளிமிபிரைட் கெட்ட மருந்துன்னு நான் சொல்லல, ஒழுங்கா நேரத்துக்கு சாப்பிடுறவங்களுக்கு சுகரை நல்லா இறக்குற மருந்து அது. ஆனா அதுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு, நாளோட முதல் முக்கிய சாப்பாட்டோட தான் அதை போடணும். தட்டு முன்னாடி வந்த பிறகு மாத்திரை. சாப்பாடு எப்ப வரும்னு தெரியாதப்ப, வண்டி எடுக்கும்போதே போட்டுட்டு போயிரலாம்ங்கறது தான் நீங்க பண்ணின தப்பு, அதை யாரும் உங்களுக்கு சொல்லி குடுக்கலங்கறது எங்க ஆளுங்க பண்ணின தப்பு. அன்னைக்கு சாப்பாடே இல்லைன்னு தெரிஞ்சா அந்த மாத்திரைய என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க, பொதுவா சாப்பிடாத வேளைக்கு இந்த வகை மாத்திரை கிடையாதுன்னு தான் சொல்வாங்க.

சரி, கிட்னி. மெட்ஃபார்மின் கிட்னிய கெடுக்கும்ங்கற பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னா, மெட்ஃபார்மின் உடம்புல உடையாம அப்படியே கிட்னி வழியா வெளிய போற மருந்து. கிட்னி நல்லா இருந்தா போயிரும். கிட்னி ஏற்கனவே ரொம்ப கெட்டுப் போயிருந்தா வெளிய போகாம தேங்கும், அப்ப ரத்தத்துல லாக்டிக் ஆசிட் ஏறுற ஒரு அபூர்வமான ஆனா ஆபத்தான நிலை வரலாம், அதனால கிட்னி கெட்டவங்களுக்கு டாக்டருங்க இதை நிறுத்துவாங்க. பாக்கறவங்களுக்கு "கிட்னி போச்சு, மெட்ஃபார்மின் நிறுத்துனாங்க"ன்னு தெரியும், அதை திருப்பி போட்டு "மெட்ஃபார்மினால கிட்னி போச்சு"ன்னு பேச ஆரம்பிச்சுருவாங்க. கிட்னி கெட்டதால மருந்து நின்னுச்சே தவிர மருந்தால கிட்னி கெடல. இதோட அண்ணன் முறை மருந்து ஒண்ணு இருந்துச்சு, ஃபென்ஃபார்மின்னு, அது லாக்டிக் ஆசிட் பிரச்சனையால 1970-கள்ல பல நாட்டுல தடை ஆச்சு, அந்த கெட்ட பேரும் கொஞ்சம் இது மேல ஒட்டிக்கிச்சு.

கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாக்க இ-ஜிஎஃப்ஆர்னு ஒரு கணக்கு உண்டு, கிரியாட்டினின் டெஸ்ட்ல இருந்து போடுவாங்க. அது 30-க்கு கீழ போனா மெட்ஃபார்மின் கூடாது, 30-க்கும் 45-க்கும் நடுவுல இருந்தா புதுசா ஆரம்பிக்க மாட்டாங்க, ஏற்கனவே போடுறவங்களுக்கு அளவை குறைப்பாங்க. உங்க ரிப்போர்ட்ல கிரியாட்டினின் 0.9 இருக்கு, 51 வயசு ஆம்பளைக்கு அது நல்ல நம்பர். யூரின்ல அல்புமின்ங்கற புரதம் போகுதான்னு பாக்குற டெஸ்ட் மட்டும் உங்க ரிப்போர்ட்ல காணோம், அதை வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும், கேட்டு எடுத்துக்கோங்க.

உண்மைல கிட்னிய நினைச்சு பயப்படணும்னா நீங்க கடைசி வரில போற போக்குல எழுதினீங்களே, முதுகு வலிக்கு அப்பப்ப வலி மாத்திரைன்னு, அதை பாத்து பயப்படுங்க. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் மாதிரி வலி மாத்திரைங்க கிட்னிக்கு போற ரத்த ஓட்டத்தை குறைக்கும். நீங்க பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் வேற போடுறீங்க, வெயில்ல வண்டி ஓட்டி தண்ணி சரியா குடிக்காம இருக்குறப்ப இந்த ரெண்டும் சேந்துச்சுன்னா கிட்னிக்கு நல்லா அடி விழும். அதோட ஹெச்பிஏ1சி 8.9, கட்டுல இல்லாத சுகர் தான் கிட்னிய வருஷக்கணக்குல அரிக்குற முதல் ஆளு. ஆக கிட்னிய காப்பாத்துறேன்னு காப்பாத்துற மாத்திரைய விட்டுட்டு கெடுக்குற மாத்திரைய போட்டுட்டு இருந்திருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க, இதை எழுதும்போது எனக்கே மனசு கஷ்டமா தான் இருக்கு. முதுகு வலிக்கு எது போடலாம்னு டாக்டர்கிட்ட தனியா கேளுங்க, பாராசிட்டமால் அளவோட போடுறது பொதுவா இந்த விஷயத்துல பத்திரம்.

அடுத்து, டாக்டர்கிட்ட மறைச்சது. இது தான் என்னை ரொம்ப பயமுறுத்துது. புது டாக்டர் பழைய சீட்டை பாத்திருப்பார், அதுல க்ளிமிபிரைட் 2, மெட்ஃபார்மின் 1000 போடுறார்னு இருக்கும், அதையெல்லாம் போட்டும் ஹெச்பிஏ1சி 8.9 வந்திருக்கேன்னு நினைச்சு தான் க்ளிமிபிரைட்டை 4 ஆக்கியிருப்பார். நீங்க மெட்ஃபார்மினை அஞ்சு மாசமா தொடலை, க்ளிமிபிரைட்டையும் ஒரு மாசமா இஷ்டத்துக்கு தான் போடுறீங்கன்னு அவருக்கு எப்படி தெரியும்? போடாத மாத்திரை வேலை செய்யலன்னு நினைச்சு மேல மேல ஏத்திக்கிட்டே போவாங்க, திடீர்னு ஒரு நாள் நீங்க திருந்தி எல்லாத்தையும் ஒழுங்கா போட ஆரம்பிச்சா அன்னைக்கு தான் ஆபத்து. அதனால நாளைக்கே, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே, அவருக்கு ஃபோன் போட்டு மூணே மூணு விஷயம் சொல்லுங்க: மெட்ஃபார்மின் அஞ்சு மாசமா போடல, போன மாசம் சாப்பிடாம இருந்தப்ப லோ சுகர் வந்து கண்ணு மங்கிருச்சு, என் தொழில் லாரி, சாப்பாட்டு நேரம் என் கைல இல்ல. இதை கேட்டா அவர் அந்த சீட்டையே மாத்தி எழுதுவார்னு தான் எனக்கு தோணுது, என்ன மாத்துறதுங்கறது அவர் முடிவு. அவர் சொல்ற வரைக்கும் நீங்களா எதையும் புதுசா ஆரம்பிக்க வேணாம்.

வண்டி ஓட்டக்கூடாதுன்னு எழுதிருவாரோங்கற பயம் எனக்கு புரியுது, சோறு போடுற தொழில். ஆனா யோசிச்சு பாருங்க, அன்னைக்கு வண்டி நின்னுட்டு இருந்துச்சு, ஓடிட்டு இருந்திருந்தா? சுகர் இருக்குற டிரைவருங்க எல்லாரும் ஸ்டியரிங்கை விட்டுட்டு போகணும்னு யாரும் சொல்லல, லோ சுகரை இழுத்து விடாத மாத்திரைக்கு மாத்துனா தொழிலும் நிக்கும். அது வரைக்கும் ஒரு குளுக்கோமீட்டர் கைல வேணும். பிரிட்டன்ல இன்சுலின் போடுற டிரைவருங்களுக்கு ஒரு பழக்கம் சொல்லி குடுப்பாங்க, சுகர் 90-க்கு மேல இருந்தா தான் வண்டி எடு, அதுக்கு கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டு எடு, 70-க்கு கீழன்னா எடுக்கவே எடுக்காதன்னு. க்ளிமிபிரைட் போடுற உங்களுக்கும் அது நல்ல பழக்கம் தான். ஓட்டிட்டு இருக்கும்போது லோ மாதிரி தெரிஞ்சா ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தி, சரி பண்ணிட்டு, சுகர் மறுபடி 90 தாண்டி முக்கால் மணி நேரம் கழிச்சு தான் எடுக்கணும்னும் சொல்வாங்க, ஏன்னா நம்பர் சரியானாலும் மூளை தெளிய கொஞ்சம் நேரம் எடுக்கும்.

லோ வந்தா என்ன பண்றதுங்கறதை கிளீனர் பையனுக்கும் சேத்து சொல்லி வைங்க. சுகர் 70-க்கு கீழ போனாலே லோ, 54-க்கு கீழ போனா சீரியஸ். வேர்க்கும், நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், பசி கொல்லும், எரிச்சல் வரும், பேச்சு குழறும், சில பேரு குடிச்சவங்க மாதிரி நடந்துக்குவாங்க. மீட்டர் கைல இருந்தா பாருங்க, இல்லைன்னா பாக்காமலே சர்க்கரைய குடுங்க, சந்தேகத்துல குடுத்த சர்க்கரையால யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது. 15 கிராம் சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணில கரைச்சு குடுக்கணும், இல்ல சின்ன கிளாஸ் இனிப்பு ஜூஸ், டயட் பானம் வேலைக்கு ஆகாது. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாக்கணும், ஏறலைன்னா இன்னொரு 15 கிராம். ஏறுனதும் நிறுத்திராம வயித்துக்கு ஏதாவது சாப்பாடு சாப்பிடணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா அந்த மாத்திரை இன்னும் உள்ள தட்டிக்கிட்டு தான் இருக்கு, ஜூஸ் வேலை முடிஞ்சதும் மறுபடி இறங்கும். க்ளிமிபிரைட்டால மோசமா லோ ஆனவங்கள ஆஸ்பத்திரில ஒரு நாளாவது வெச்சு பாக்குறது இதனால தான், தெளிஞ்சுட்டாரேன்னு வீட்டுக்கு அனுப்புனா ராத்திரி தூக்கத்துல மறுபடி இறங்கலாம். ஆளு மயங்கிட்டா வாய்ல எதையும் ஊத்தவே கூடாது, மூச்சுக்குழாய்ல போயிரும், ஒருக்களிச்சு படுக்க வெச்சு ஆம்புலன்ஸை கூப்பிடணும், அவ்வளவு தான்.

பிரஷருக்கு உங்களுக்கு டெல்மிசார்ட்டன், அதுல பிரச்சனை இல்ல. ஆனா மெட்டோப்ரோலால், அட்டினோலால் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு லோ வரும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாம அமுங்கிரும், வேர்வை மட்டும் தான் காட்டிக் குடுக்கும். இதை படிக்கிற மத்தவங்களுக்காக சொன்னேன்.

"சுகர் ஏறுன மாதிரி தெரிஞ்சா மட்டும் போடுறேன்"னு எழுதியிருக்கீங்க. அண்ணே, அது தெரியாது. 200, 220 எல்லாம் மாசக்கணக்குல பழகிட்டா உடம்பு அதையே நார்மல்னு எடுத்துக்கும், ஒண்ணும் தெரியாது, தெரியும்போது ரொம்ப மேல போயிருக்கும். அதோட மெட்ஃபார்மின் தலைவலி மாத்திரை இல்ல, போட்ட உடனே இறக்குறதுக்கு, தொடர்ந்து போட்டு ஒண்ணு ரெண்டு வாரம் ஆனா தான் அதோட முழு வேலை தெரியும். ஹெச்பிஏ1சிங்கறதும் இன்னைக்கு சுகர் கிடையாது, ஏறக்குறைய மூணு மாசத்தோட சராசரி. நிறைய பேருக்கு அதை 7-க்கு கீழ வெக்க பாப்பாங்க, வயசானவங்களுக்கும் அடிக்கடி லோ வர்றவங்களுக்கும் டாக்டர் கொஞ்சம் தளர்த்தி 8 வரைக்கும் கூட விடுவார். உங்களுக்கு எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க.

மெட்ஃபார்மினை மறுபடி ஆரம்பிக்க சொன்னா வயித்தை பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. ஆரம்பத்துல வயித்துப்போக்கு, குமட்டல், வாய்ல ஒரு இரும்பு டேஸ்ட் வரலாம், பல பேரு ரெண்டாவது நாளே விட்டுடுறது இதனால தான், லாரி ஓட்டுறவருக்கு வயித்துப்போக்குன்னா எவ்வளவு கஷ்டம்னு சொல்ல வேணாம். சாப்பாட்டுக்கு நடுவுலயோ முடிச்ச உடனேயோ போட்டா, கம்மி அளவுல ஆரம்பிச்சு வாரம் வாரமா ஏத்துனா, பெரும்பாலும் அடங்கிரும். எஸ்ஆர்னு போட்டிருக்குறது மெதுவா கரையுற மாத்திரை, அது வயித்தை இன்னும் கம்மியா படுத்தும், ஆனா அதை உடைக்கவோ மெல்லவோ பொடி பண்ணவோ கூடாது, உடைச்சா மெதுவா வர வேண்டியது மொத்தமா வந்துரும். சில பேருக்கு மலத்துல மாத்திரை முழுசா வந்த மாதிரி இருக்கும், அது வெறும் கூடு, மருந்து உள்ள கரைஞ்சு போயிருக்கும். ஒருத்தர் அதை கழுவி பேப்பர்ல மடிச்சு என் கவுண்ட்டருக்கே கொண்டு வந்து "டூப்ளிகேட் மாத்திரை குடுத்துட்டீங்க"ன்னு சண்டை போட்டார், என்ன பண்றது.

வருஷக்கணக்குல மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு உடம்புல வைட்டமின் பி12 குறையலாம். பாதம் மரத்துப் போறது, ஊசி குத்துற மாதிரி இருக்குறது எல்லாம் சுகராலயும் வரும், பி12 குறைஞ்சாலும் வரும், பாத்தா ரெண்டும் ஒண்ணு போல இருக்கும். சுகர் தானேன்னு விட்டுராம ஒரு பி12 டெஸ்ட் எடுத்து பாக்க சொல்லுங்க, குறைஞ்சிருந்தா ஏத்துறது சுலபம்.

உடம்பு சரியில்லாத நாளுக்குன்னு தனி விதி இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. வாந்தி, வயித்துப்போக்கு, தண்ணி கூட உள்ள தங்காத ஜுரம்னா உடம்புல நீர் வத்திரும், அப்ப மெட்ஃபார்மினையும் டெல்மிசார்ட்டன் மாதிரி பிரஷர் மாத்திரையையும் தற்காலிகமா நிறுத்த சொல்வாங்க, க்ளிமிபிரைட்டையும் சாப்பாடு இல்லாததால நிறுத்தவோ குறைக்கவோ சொல்வாங்க, வலி மாத்திரைய கிட்டயே சேக்காதீங்க. ஒழுங்கா சாப்பிட்டு குடிக்க ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு நாள் ஆனதும் மறுபடி தொடங்குறது வழக்கம். ஆனா இது நீங்களா முடிவு பண்றது இல்ல, "எனக்கு இப்படி ஆனா எதை நிறுத்தணும், எப்ப ஆரம்பிக்கணும்"னு நல்லா இருக்கும்போதே டாக்டர்கிட்ட கேட்டு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. ஸ்கேனுக்கு டை ஊசி போடுறாங்கன்னாலும் ஆபரேஷன்னாலும் மெட்ஃபார்மின் போடுறேன்னு முன்கூட்டியே சொல்லிருங்க.

வேற டாக்டர் வேற நோய்க்கு மாத்திரை எழுதும்போதும் அப்படித்தான். பூஞ்சைக்கு குடுக்குற ஃபுளூகோனசோல், சில ஆன்ட்டிபயாட்டிக் எல்லாம் க்ளிமிபிரைட்டோட சேந்தா லோ வரலாம், ஸ்டீராய்டு சுகரை எகிற விடும். மதுவும் லோவை இழுக்கும், வெறும் வயித்துல க்ளிமிபிரைட்டோட மதுன்னா கேக்கவே வேணாம், போதைன்னு நினைச்சு கூட இருக்கறவங்க லோவை கவனிக்காம விட்டுருவாங்க.

டாக்டர் க்ளிமிபிரைட்டை மாத்தலாம்னு நினைச்சா என்னென்ன வரலாம்னு சுருக்கமா சொல்லிடறேன். சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின்னு ஒரு குடும்பம் இருக்கு, அதுங்க சுகர் ஏறும்போது தான் வேலை செய்யும், அதனால தனியாவோ மெட்ஃபார்மினோடயோ போட்டா லோ வர்றது கம்மி. இன்னொண்ணு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், இதுங்க சுகரை யூரின் வழியா வெளிய தள்ளும், இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லதுன்னு பெரிய ஆராய்ச்சிலயே தெரிஞ்ச மருந்துங்க, லோவும் கம்மி தான். ஆனா டிரைவருக்கு இதுல ஒரு சிக்கல், யூரின் அடிக்கடி வரும்னு தண்ணிய குறைச்சு, வந்ததையும் அடக்கிட்டு ஓட்டுவீங்க, அது கூடாது. யூரின்ல சர்க்கரை போறதால அந்த இடத்துல அரிப்பு, பூஞ்சை வரலாம், தினமும் கழுவி சுத்தமா வெச்சுக்கணும். அபூர்வமா ரத்தத்துல கீட்டோ ஆசிட்ங்கற அமிலம் ஏறும், அதுல மோசம் என்னன்னா சுகர் நம்பர் பெருசா ஏறாமலே ஏறும், விடாத வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குறதுன்னா நம்பரை பாத்து சமாதானம் ஆகாம ஆஸ்பத்திரிக்கு போயிரணும். ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடியே இதை நிறுத்துவாங்க. எது உங்களுக்கு பொருந்தும்ங்கறது அவர் கைல, "சாப்பாடு லேட்டானாலும் லோ வராத மாத்திரை எனக்கு முடியுமா"ன்னு கேக்குறது உங்க கைல.

மூலிகை பொடி. மூலிகைன்னாலே நான் மூக்கை சுளிக்கிற ஆள் இல்ல, மெட்ஃபார்மினோட கதையே கலேகா அஃபிஷினாலிஸ்ங்கற ஒரு செடில இருந்து தான் தொடங்குது, அதுல இருந்த சரக்கை ஆராய்ஞ்சு, லேப்ல திருத்தி, 1957-ல ஷான் ஸ்டெர்ன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் மனுஷங்களுக்கு குடுத்து பாத்த முடிவை வெளியிட்டார். செடில இருந்து மாத்திரைக்கு வந்த தூரம் என்னன்னா அளவு தெரியறது, உள்ள என்ன இருக்குன்னு தெரியறது. உங்க நண்பர் தர்ற பொடில அது ரெண்டும் தெரியாது. இன்னும் மோசமானது, பொடி "அற்புதமா" வேலை செஞ்சா தான் எனக்கு சந்தேகமே வரும். 2008-ல சிங்கப்பூர்ல ஆண்மைக்குன்னு சட்டவிரோதமா வித்த சில மாத்திரைகளை சாப்பிட்டவங்க வரிசையா லோ சுகர்ல ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, சிலர் செத்தே போனாங்க, உள்ள பாத்தா கிளிபென்கிளமைடு கலந்திருந்துச்சு, நான் மேல சொன்னேனே, க்ளிமிபிரைட்டோட சொந்தக்காரன். சுகருக்குன்னு விக்கிற பொடிலயும் இதே மாதிரி கலப்படம் பிடிபட்டிருக்கு. மாத்திரைய விட்டுட்டு பொடின்னாலும் ஆபத்து, மாத்திரையோட சேத்து பொடின்னாலும் ஆபத்து.

சின்ன சின்னதா மிச்சம் இருக்குறதையும் சொல்லிடறேன். ஒரு வேளை மாத்திரை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா சேத்து போடாதீங்க, விட்டது விட்டது தான். வெறும் வயித்து டெஸ்ட் எடுக்குற அன்னைக்கு காலை சுகர் மாத்திரைய ரத்தம் குடுக்குற முன்னாடி போட வேணாம், சாப்பிடும்போது போட்டுக்கலாம், சாப்பிட்ட பிறகு எடுக்குற டெஸ்டுக்கு வழக்கமா போடுற மாத்திரையோட தான் சாப்பிடணும், சுகர் நல்லா வரட்டும்னு அதிகமா போடுறதோ, எவ்வளவு ஏறுதுன்னு பாப்போம்னு போடாம விடுறதோ பண்ணுனா டாக்டருக்கு தப்பான கணக்கு போகும். மாத்திரைய டேஷ்போர்டு மேல வைக்காதீங்க, வெயில்ல நின்ன வண்டிக்குள்ள இருக்குற சூடு எந்த மாத்திரைக்கும் ஆகாது, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புக்கும் ஆகாது, சூடுபட்ட ஸ்ட்ரிப் தப்பு நம்பர் காட்டும். துணிப்பைக்குள்ள சுத்தி, சீட்டுக்கு அடில நிழலா, எஞ்சின் சூடு படாத இடத்துல வைங்க, ட்ரிப் முடிஞ்சா வீட்டுக்கு எடுத்துட்டு போயிருங்க. குளுக்கோஸ் பாக்கெட் மட்டும் கை எட்டுற இடத்துல, உங்க பக்கம் ஒண்ணு, கிளீனர் பக்கம் ஒண்ணு.

பழைய ஸ்ட்ரிப்பை தூக்கிப் போட வேணாம், டாக்டரை பாக்க போகும்போது பழசு, புதுசு, பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை, அந்த பொடி வாங்கியிருந்தா அதுவும், எல்லாத்தையும் ஒரே பைல அள்ளிட்டு போய் மேஜைல கொட்டுங்க. அவர் எதை எடுத்து ஓரமா வைக்கிறாரோ அதை அங்கயே விட்டுட்டு வந்துருங்க, வீட்டுக்கு திரும்ப வந்தா மறுபடி கை தானா எடுக்கும். புது சீட்டு வந்ததும் இதே மாதிரி ஸ்ட்ரிப்போட பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க, படிச்சு சொல்றேன்.